அம்பு ஒட்டிய பாட்டு

மழை கொட்டினால் நெருப்பெரிச்சல் பஸ் ஸ்டாப்பில் யாரும் யாருக்கும் அந்நியரில்லை... ஒதுங்க இடம் அவ்வளவுதான். அங்கேதான் பக்கத்தில் ஒதுங்கி நின்றவன் கையிலிருந்த தாள்கள் நழுவி மதுமதியின் காலடியில் விழுந்தன.

பொறுக்கியவள் படித்தும்விட்டாள். வள்ளி பாடுவதாக ஒரு பாட்டு. மதுமதிக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. டேமேஜைக் கண்டால் கை சும்மா இருக்காது. துணியில் பழுதான இடத்தைக் காட்ட ஒட்டும் சின்ன அம்பு ஸ்டிக்கர் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து இரண்டாம் வரியில் ஒட்டினாள்.

“ஏனுங்க, என்ன பண்றீங்க?”

“இந்த வரி டேமேஜுங்க. தினைக்காட்டுல நிக்கிற புள்ள இப்படியா பேசுவா?”

அவன் கோபப்படவில்லை. சிரித்தான். ஈர இமைகளுக்குக் கீழே அந்தக் கண்கள்... பார்த்திருக்க வேண்டாம் என்று பிறகு பலமுறை நினைத்தாள்.

“அப்ப நீங்களே எழுதிக் குடுங்க.”

அவன் பெயர் தரணி, கர்நாடக இசைக்காரன். முருகன் கோயில் விழாவுக்கு, வசனமே இல்லாமல் முழுக்கப் பாட்டிலேயே நடக்கும் ஒரு நாடகம் அமைத்துக்கொண்டிருந்தான். அவளிடமோ யாருக்கும் காட்டாத கவிதை நோட்டு இருந்தது. நான்கு மாதம், ஞாயிறுதோறும் கோயில் மண்டபத்தில் அவள் எழுத, அவன் மெட்டுப் போட... பிடிக்காத இடத்தில் அம்பு ஒட்டுவாள், சரியானதும் உரிப்பாள். செக்கிங் மேஜையின் சட்டம் அது.

கடைசிப் பாட்டில் முட்டிக்கொண்டது. வள்ளி தன் காதலைச் சொல்லும் இடம்.

“அங்க வார்த்தையே வேண்டாமுங்க. வீணை போதும்.”

“அவ வாயாலதான் சொல்லோணுங்க. இல்லீன்னா என் பேர எடுத்துருங்க.”

எழுதிய தாளை அவன் முன்னால் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள். மூன்று ஞாயிறு போகவில்லை. வீம்புதான். மூன்று ஞாயிறும் வலித்தது.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, டீ டைமில், கம்பெனி கேட்டருகே மழையில் நின்றிருந்தான்.

“வீணைய எடுத்துட்டனுங்க. உங்க பாட்டக் கேளுங்க.”

தணிந்த குரலில் பாடினான். அவளுடைய சொற்கள் முதன்முறையாக இன்னொருவர் தொண்டையில்... கண் நிறைந்துவிட்டது. தேடித் தேடிக் கேட்டாள், குறையே இல்லை. குறை கண்டால் ஒட்டவென்று எடுத்த ஸ்டிக்கர் விரலிலேயே இருந்தது. அதை அவன் சட்டைப் பையில் ஒட்டினாள்.

“இங்க என்னங்க டேமேஜ்?”

“வள்ளியச் சொல்ல வெச்சிட்டீங்க. நீங்க இன்னும் சொல்லலீங்களே...”

அவன் காது சிவந்தது.

“உங்களப் புடிச்சிருக்குதுங்க மதுமதி. அந்த பஸ் ஸ்டாப்புல இருந்தே.”

“எனக்குந்தானுங்க” என்றபடி, அம்பை மெல்ல உரித்தெடுத்தாள்.