வாங்க, உள்ள வாங்க

உள்ளே வந்தவள் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

இர்பானாவுக்கு அது உடனே உறைக்கவில்லை. சமையல் மூலையில் குனிந்து நின்று, விளக்கு வெளிச்சத்தில் தட்டுத் தட்டாக வளர்த்திருந்த வெந்தயக்கீரையைக் கத்தரிக்கோலால் நறுக்கிக்கொண்டிருந்தாள். கதவு தட்டும் சத்தம் கேட்டது. தலையை நிமிர்த்தாமலேயே "வாங்க, உள்ள வாங்க" என்றாள். கை தானாக நீண்டு சுவரில் இருந்த பச்சைப் பொத்தானை அழுத்தியது. கதவு பெருமூச்சு விட்டுத் திறந்து, மறுபடி மூடிக்கொண்டது. கனமான காலடிகள் அவள் முதுகுக்குப் பின்னால் நிதானமாகக் கடந்து, படுக்கைகள் இருக்கும் பக்கம் போயின.

ஒரு கட்டுக் கீரையை நறுக்கி முடித்த பிறகுதான் யோசனை வந்தது. வெளியே போனது சோபியாதான். அவள் என்றைக்குக் கதவைத் தட்டியிருக்கிறாள்? வாக்கி டாக்கியில் "ஏ கடைக்காரி, தொறடி" என்று கத்துகிறவள் ஆயிற்றே. இர்பானா திரும்பிப் பார்த்தாள். சூட் போட்ட ஒரு வெள்ளை முதுகும், ஹெல்மெட்டின் பின்பக்கமும் திரைக்குள் மறைந்துகொண்டிருந்தன. திரையின் வளையங்கள் கம்பியில் கரகரவென்று இழுபட்டு நின்றன.

உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகிற சாலையில் மூடிக் கிடந்த அரிசி ஆலையின் கிடங்கு அது. செவ்வாய்க் கிரகத்தில் மனுஷர் குடியிருந்தால் எப்படி இருப்பார்கள் என்று பார்ப்பதற்காக, சென்னைக் கம்பெனி ஒன்று அதை வாடகைக்கு எடுத்து, சன்னல்களை அடைத்து, சுவரெல்லாம் சத்தம் நுழையாதபடி பஞ்சுப் பலகை பொருத்தியிருந்தது. ஆலையின் நெல் காயவைக்கும் களத்தைச் சுற்றி சுவர் எழுப்பி, மேலே தகரம் போட்டுக் கறுப்படித்து, நட்சத்திரங்களுக்குப் பதிலாகக் குட்டி பல்புகளைத் தொங்கவிட்டு, கீழே லாரி லாரியாகச் செம்மண் கொட்டியிருந்தார்கள். அதுதான் செவ்வாயின் தரை. களத்தைத் தாண்டி ஓர் இரும்புக் கேட். அதற்கு வெளியேதான் உலகம். வேறு வழி கிடையாது. அக்கம்பக்கத்துச் சனங்கள் இதற்குச் 'செவ்வாய் வூடு' என்று பேர் வைத்திருந்தார்கள்.

ஒரு மாதம் உள்ளே அடைந்து கிடக்க வேண்டியவர்கள் இரண்டு பேர். ஒருத்தி, உத்திரமேரூர் கடைத்தெருவில் ரெடிமேட் துணிக்கடை வைத்திருக்கும் லுக்மான் பாயின் மகள் இர்பானா. இன்னொருத்தி, மானாம்பதி சோபியா. அவளுடைய அம்மா சிட்டம்மாள் இதே களத்தில் வெயில் நேரமெல்லாம் காலால் நெல்லைத் துழாவிக் கூலி வாங்கினவள். "எங்கம்மா கால் தேஞ்ச எடத்துல நான் செவ்வா கெரகத்துல நடந்துக்கினு கீறேன் பாரு" என்று சோபியா சிரிப்பாள். உச்சி வேளையில் அந்தக் களத்தில் ஒத்தையாக நிற்காதே என்று அம்மா சொல்லி அனுப்பியதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் உச்சி வேளை எது என்று உள்ளே யாருக்குத் தெரியும்? செவ்வாயின் நாள் நம் நாளைவிட நாற்பது நிமிஷம் போல நீளம். அந்தக் கணக்குக்கு ஓடும் கடிகாரம் தினம் தினம் நழுவி, இப்போது உள்ளே ராத்திரி. விளக்குகள் மங்கி மஞ்சளாகியிருந்தன. வெளியே என்ன பொழுது என்று அல்லாவுக்குத்தான் வெளிச்சம்.

இர்பானாவின் நாக்கைச் சோபியா கேலி செய்யாத நாள் இல்லை. பாவாடை கட்டின வயசிலிருந்து கடையில் உட்கார்ந்தவள் அவள். வாசலில் நிழல் விழுந்தால் போதும், யார் என்று பார்க்கும் முன்னாலேயே 'வாங்க, உள்ள வாங்க' வந்துவிடும். பார்த்துவிட்டுக் கூப்பிட்டால் வியாபாரம் தங்காது என்பது அத்தா லுக்மான் பாயின் பாடம்.

"நாயி வந்தாக்கூட 'வாங்க, இன்னா சைஸு'ன்னு கேப்படி நீ. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்பாள் சோபியா.

அந்தச் சிரிப்பு இப்போது இல்லை. திரைக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

"சோபியா? தல சுத்துதா?"

இர்பானா கையைத் துடைத்துக்கொண்டு இரண்டடி வைத்தாள். அப்போதுதான் அந்த வாசனை வந்தது. வியர்வையும் ரப்பரும் கலந்த வழக்கமான சூட் நாற்றம் இல்லை. கடைக்குப் பக்கத்தில் வீராசாமி வெல்டிங் பட்டறை இருந்தது. இரும்பில் நெருப்பு வைக்கும்போது தொண்டையில் வந்து உட்காருமே, அந்த வாசனை. அதற்கு அடியில், அடுப்பில் மறந்துபோன கறி தீய்ந்தது போல ஒன்று.

போன வாரம் இதே இடத்தில் சாப்பிட உட்கார்ந்தபோது சோபியா சொன்னாள். "நெஜமாவே விண்வெளில எறங்கி நடந்துட்டு உள்ள வர்றாங்க பாரு, அவங்க சூட்ல ஒரு வாசன வருமாம். கறி தீஞ்சாப்பல, வெல்டிங் வெச்சாப்பல. அங்க காத்தே கெடையாது, வாசன எங்கேர்ந்துடி வருது?" வானத்தைப் பற்றி இப்படித் தினம் ஒன்று எடுத்து விடுவாள். நாம் பார்க்கிற நட்சத்திரம் செத்து எத்தனையோ காலம் ஆகியிருக்கும், வெளிச்சம் மட்டும் இப்போதுதான் வந்து சேருகிறது என்பாள். கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

இர்பானா கீழே பார்த்தாள். கதவிலிருந்து திரை வரைக்கும் தரையில் காலடித் தடங்கள். களத்தில் கொட்டியிருந்தது செம்மண். வெளியே போய் வந்தால் தரை செம்பழுப்பாகும், துடைத்து மாளாது. இந்தத் தடங்கள் சாம்பல் நிறத்தில் இருந்தன. குனிந்து விரலால் தொட்டாள். விபூதியைவிட நைசு. சில்லென்று இருந்தது.

விரலை உதறினாள்.

"சோபியா, வெளாடாத. பேசுடி."

சூட்டுக்குள் காற்றுக்காக ஒரு சின்ன விசிறி உண்டு. கொசு மாதிரி ஓயாமல் ரீங்கரிக்கும். அந்தச் சத்தம் கேட்கவில்லை. மூச்சும் கேட்கவில்லை. கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டது, அவ்வளவுதான்.

ரேடியோவுக்கு ஓடினாள். கேட்டுக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் வசந்த்குமார் உட்கார்ந்திருப்பார், களத்து கேமராவையும் ரேடியோவையும் பார்த்துக்கொள்பவர். கூப்பிட்டால் காதில் விழுகிற தூரம். ஆனால் செவ்வாயிலிருந்து பேச்சு பூமிக்குப் போய்ச் சேர நேரம் பிடிக்கும் என்பதால், இங்கேயும் ஒரு மெஷின் ஒவ்வொரு பேச்சையும் பிடித்து வைத்துக்கொண்டு, கால் மணி நேரம் போலக் கழித்துத்தான் விடும். இந்தப் பக்கமும் அப்படித்தான், அந்தப் பக்கமும் அப்படித்தான்.

"வசந்தண்ணா, சோபியா களத்துலேர்ந்து வந்தா. ஹெல்மெட்டு கூட கழட்டல. பேச மாட்டேன்றா. எனக்கு பயமா கீதுண்ணா. சீக்கிரமா பேசுங்க."

அனுப்பிய பிறகுதான் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சீக்கிரமாவாம்!

பச்சைப் பொத்தானுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கைப்பிடி இருந்தது. இழுத்தால் களத்துக் கதவும் இரும்புக் கேட்டும் ஒரே நேரத்தில் திறக்கும். இரண்டே எட்டில் வெளியே ஓடிவிடலாம். இர்பானா அதைப் பிடித்தாள். இழுத்தால் பரீட்சை அத்தோடு முடிந்தது. அத்தா பஸ் ஸ்டாண்டில் வைத்துச் சொன்னது காதுக்குள் கேட்டது. "முழுசா முடிச்சிட்டு வந்தின்னா பெங்களூரு வேலைக்கு நானே பஸ் ஏத்தி வுடறேன். பாதில ஓடியாந்தின்னா அப்பால கல்லாவாண்டயே குந்திக்க. வேற பேச்சு கெடையாது." லுக்மான் பாய் சொன்னால் சொன்னதுதான். இன்னும் ஒரே வாரம். சோபியாவுக்கு வெறும் தலைச்சுற்றலாக இருந்து, இவள் இழுத்துத் தொலைத்தால், அவள் பிழைப்பும் போகும். அப்புறம் ஆயுசுக்கும் வாசலில் விழும் நிழலைப் பார்த்து வாங்க வாங்க என்று கூவிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கையை எடுத்துவிட்டாள்.

திரைக்குப் பின்னால் கட்டில் மறுபடி கிறீச்சிட்டது.

"வாங்க" என்றது குரல்.

சோபியாவின் குரல் இல்லை. தெரிந்த குரல். ரொம்ப நன்றாகத் தெரிந்த குரல். கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து, தலையை நிமிர்த்தாமல், யார் என்று பார்க்காமல் சொல்லும் குரல்.

அவளுடைய குரல்.

"உள்ள" என்றது. கொஞ்சம் நிறுத்தியது, பாடம் ஒப்பிக்கும் பிள்ளை மாதிரி. "உள்ள வாங்க."

அவள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். ரேடியோ கரகரத்தது. வசந்த்குமார். அல்லாவே, வசந்தண்ணன்! பதில் வந்துவிட்டது என்று ஒரு நொடி நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த நொடியே தெரிந்துவிட்டது, அவள் பேசியது இன்னும் அவரிடம் போயே சேர்ந்திருக்காது. இது அதற்கும் முன்னால் அவராகப் பேசியது.

"இர்பானா, வசந்த் அண்ணன் பேசறேன். பயப்படாதம்மா. சோபியா களத்துல மயங்கி வுழுந்துட்டா. கேமரால பாத்துட்டு நானும் டிரைவர் ஜானும் கேட்ட தொறந்து தூக்கியாந்துட்டோம். சூட்டோடவே வண்டில ஏத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாச்சி. உசுருக்கு ஒண்ணும் இல்ல. உன் டெஸ்டு கெடாது, நீ உள்ளாறயே இரு."

இர்பானா திரையைப் பார்த்தாள்.

"இன்னொண்ணு. வண்டில ஏறசொல்ல அவ ஒரே பொலம்பலு. 'களத்துல நான் தனியா இல்லண்ணா, நெறைய பேரு நிக்கறாங்க. கூப்புடாம அவங்களால உள்ள வர முடியாது. கடைக்காரிய வாயத் தொறக்க வேணாம்னு சொல்லு'ன்றா. நான் கேமராவ பாத்துட்டேன், களத்துல ஒரு ஈ காக்கா இல்ல. உச்சி வெயிலு கொளுத்துது இங்க, தகரத்துக்கு கீழ நின்னா மண்ட காயாம இன்னா பண்ணும்? நீ சாப்ட்டு தூங்கு."

ரேடியோ அடங்கியது.

உச்சி வெயில். அவர் இதைப் பேசி முடித்த நேரத்தில் அவள் இங்கே கீரை நறுக்கிக்கொண்டிருந்திருப்பாள். கதவு இன்னும் தட்டப்பட்டிருக்காது.

சிவப்புக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தாள். போகட்டும் பெங்களூரு. போகட்டும் எல்லாம். கல்லாப் பெட்டிக்குப் பக்கத்திலேயே கிழவியாகிச் சாகிறேன் அத்தா.

டொக்.

களத்துக் கதவில்.

கை அப்படியே நின்றது.

டொக். இந்த முறை கொஞ்சம் கீழே. அப்புறம் கதவுக்கு இடது பக்கம், சுவரில். அப்புறம் வலது பக்கம். பஞ்சுப் பலகையைத் தாண்டி எந்தச் சத்தமும் நுழையாது என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் தட்டல் கேட்டது, சுவர் நெடுக. ஒன்றன்பின் ஒன்றாக. அவசரம் இல்லாமல். பெருநாளுக்கு முந்தின நாள், ஷட்டர் தூக்கும் முன்னால், வெளியே கூட்டம் நின்று விரலால் தட்டுமே. அப்படி.

கைப்பிடியை இழுத்தால் அந்தக் கதவு திறக்கும். இழுக்காவிட்டால் திரைக்குப் பின்னால் இருப்பதோடு உள்ளே. கொஞ்ச நேரம் முன்னால் இழுத்திருக்கலாம். அப்போது களத்தில் சத்தமே இல்லை.

டொக். டொக்.

அவள் நாக்கு அசைந்தது.

அசைந்தேவிட்டது. பழகின நாக்கு. 'வா' உதட்டில் வந்து உட்கார்ந்தது. இர்பானா கைப்பிடியை விட்டுவிட்டு இரண்டு உள்ளங்கைகளாலும் வாயைப் பொத்தினாள். பல்லைக் கடித்தாள். நாக்கு நடுவில் மாட்டி ரத்தம் உப்புக் கரித்தது. சொல்ல மாட்டேன். சொல்ல மாட்டேன். யா அல்லா, நான் சொல்ல மாட்டேன்.

கம்பியில் வளையங்கள் கரகரத்தன.

அது எழுந்து வந்தது. சாம்பல் தடங்களின் மேலேயே கால் வைத்து வந்தது. சூட்டின் மார்பில் பேர் தைத்த பட்டை இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அவளைப் பார்க்கவில்லை. அவளைக் கடந்து போய்ச் சமையல் மூலையில் நின்றது. கீரைத் தட்டின் மேல் முதுகை வளைத்துக் குனிந்தது. கத்தரிக்கோலை எடுத்தது. கொஞ்ச நேரம் முன்னால் அவள் எப்படி நின்றாளோ, அச்சாக அப்படியே நின்றது.

ஹெல்மெட்டின் கண்ணாடி பக்கவாட்டில் தெரிந்தது. தலைக்கு மேல் விளக்கு எரிந்தும் அதில் அறை தெரியவில்லை. முகமும் தெரியவில்லை. இருட்டு. அந்த இருட்டில், தலை கொள்ளும் இடத்தைவிட எவ்வளவோ உள்ளே, புள்ளி புள்ளியாக வெளிச்சங்கள்.

டொக்.

தலை நிமிரவில்லை. கை மட்டும் தானாக நீண்டது. பச்சைப் பொத்தானின் மேல் விரல் போய் உட்கார்ந்தது.

"வாங்க" என்றது இர்பானாவின் குரல், அன்பாக. "உள்ள வாங்க."

கதவு பெருமூச்சு விட்டுத் திறந்தது.

களத்துக்கு அந்தப் பக்கம் இருந்த சுவரைக் காணோம். இரும்புக் கேட்டைக் காணோம். கறுத்த தகரத்தையும் காணோம். சாம்பல் நிறத் தரை போய்க்கொண்டே இருந்தது. அது முழுக்க, கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும், வெள்ளை வெள்ளையாக ஆட்கள் வரிசையில் நின்றார்கள். முதல் ஆள் வாசலைத் தாண்டிக் கால் வைத்தது. அதன் பின்னால் இன்னொன்று.

யாரும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.