ராய்ஸ் மாற்றிய பேரல்

ஹார்லன் முள்வேலியின் மேல் காயப்போட்ட துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தான்.

கையில் கம்பி இறுக்குகிற குறடு.

முதுகில் ஓர் ஓட்டை!

"ஹார்லன்... காபி ஆறிப்போகுது, எவ்வளவு நேரமாக் கூப்பிடறேன்..." என்றபடி மேடேறி வந்த வெல்டாவின் கையிலிருந்து ஃப்ளாஸ்க் நழுவியது.

அவள் அலறல் ஸ்டோனி ஃபோர்க் பள்ளத்தாக்கின் இரண்டு பக்க மலைகளிலும் மோதி அவளிடமே திரும்பி வந்தது.

புருஷன் திரும்பி வரவில்லை.

சுட்டது யார் என்று உங்களைச் சுற்றலில் விடப் போவதில்லை. சுட்டவன் ராய்ஸ். ஹார்லனோடு பாதிக்குப் பாதியாக வேட்டை முகாம் நடத்தியவன். இருவரில் ஒருவர் செத்தால் முகாம் மொத்தமும் மிச்சமிருப்பவருக்கு. முகாம் நிலத்தில் நிற்கிற வெல்டாவின் வீடு உட்பட! பத்திரம் அப்படி.

ஊருக்கே தெரியும்.

ஊருக்குத் தெரிவது வேறு... கோர்ட்டுக்குத் தெரிவது வேறு!

மறுநாள் காலை ராய்ஸ் நின்ற இடம், ஓட்டிஸின் துப்பாக்கிப் பட்டறை. பள்ளத்தாக்கில் அந்தத் தொழிலுக்கு அவன் ஒருவன்தான்.

"பேரலை மாத்தணும் ஓட்டிஸ். குழல் புதுசா வேணும்."

"ஏன், இதுக்கென்ன?"

"தேய்ஞ்சுபோச்சு. குறி தப்புது."

நேற்றுத் தப்பவில்லை!

ஓட்டிஸ் துப்பாக்கியை வாங்கி, போல்ட்டை இழுத்துப் பார்த்தான். "இந்த மாடலைச் செய்யறதை நிறுத்தி முப்பது வருஷமாச்சுப்பா. இதோட மரையே ஒரு தினுசு. வேற எந்தப் பேரலும் உள்ளே போகாது. பேசாம புதுத் துப்பாக்கி ஒண்ணு வாங்கிக்கயேன்."

"எங்கப்பா துப்பாக்கிய்யா இது! உடம்பு அப்படியே இருக்கட்டும். பேரல் மட்டும் புதுசு. அதே காலிபர். வீட்ல தோட்டா டப்பா டப்பாவாக் கிடக்கு. அப்படியே ட்ரிகரை லேசாக்கிடு. பின்கட்டை தோள்ல இடிக்குது, கொஞ்சம் குறைச்சிடு."

துப்பாக்கியையே தொலைத்தால் சந்தேகம். பேரலை மாற்றினால் பராமரிப்பு! ராய்ஸ் யோசித்துத்தான் வந்திருந்தான். ஒவ்வொரு பேரலும் தன் வழியாகப் போகிற குண்டின் மேல் கையெழுத்துப் போட்டுத்தான் அனுப்பும். உள்ளே ஓடுகிற சுருள் வரிகள் அப்படி. கையெழுத்துப் போட்ட கையையே வெட்டிவிட்டால்...?

"கஷ்டம் ராய்ஸ்."

"ரெட்டை விலை தர்றேன்."

ஓட்டிஸ் தாடியைச் சொறிந்தான். வியாபாரிக்கு 'முடியாது' என்கிற வார்த்தை தெரியும். ஆனால் விலை ஏற ஏற அது மறந்துபோகும்!

"வெள்ளிக்கிழமை வா."

"பழைய பேரல் எனக்குத் திரும்ப வேணும்."

"அதை வெச்சு என்ன பண்ணப்போற?"

"ஞாபகார்த்தம்."

வெள்ளிக்கிழமை துப்பாக்கி புதுப்பெண் மாதிரி மினுமினுத்தது. நீலக்கருப்பு மெருகு. லேசான ட்ரிகர். பக்கத்தில் பழைய செய்தித்தாளில் சுற்றி, கயிறு கட்டிய நீளமான பொட்டலம்.

ராய்ஸ் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. நேரே ஏரிக்குப் போனான்.

ப்ளக்!

ஷெரீஃப் ஹேன்லி, ஹார்லனின் முதுகிலிருந்து எடுத்த குண்டின் அறிக்கையோடு ராய்ஸின் கதவைத் தட்டியபோது பத்து நாள் ஆகியிருந்தது.

"துப்பாக்கியைப் பார்க்கலாமா ராய்ஸ்?"

"தாராளமா. புது பேரல் போட்டிருக்கேன். பளபளன்னு இருக்குல்ல?"

ஹேன்லியின் முகம் தொங்கியது. "பழசு எங்கே?"

"குப்பையில போட்டுட்டேன். ஏன், உங்களுக்கு வேணுமா?"

ஹேன்லி பட்டறைக்கு ஓடினார். ஓட்டிஸ் ரசீதை எடுத்து நீட்டினான். 'பேரல் ஒன்று, புதியது.'

"நெஜமாவே புதுசுதானா ஓட்டிஸ்?"

"என் தொழில் மேல சத்தியம் ஷெரீஃப்!"

புது பேரலைச் சோதிப்பது, நேற்றுப் பிறந்த குழந்தையிடம் போன வருஷ சாட்சியம் கேட்கிற மாதிரி. ஹேன்லி துப்பாக்கியைத் தொடாமலே திரும்பினார்.

"அப்ப அவ்வளவுதானா?" என்றாள் வெல்டா.

"அந்தப் பழைய பேரல் கிடைச்சாத்தான் ஆச்சு. அது இல்லாம நான் பெரிய பூஜ்யம், வெல்டா."

மறுநாள் ஒரு நம்பிக்கை வந்தது. ஏரியில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர், ராய்ஸ் எதையோ வீசியதைப் பார்த்திருக்கிறார்!

இரண்டு முக்குளிப்பவர்கள் இறங்கினார்கள். பனிக்காற்றில் வெல்டா கரையிலேயே நின்றாள். முதல் நாள், சேறு. இரண்டாம் நாள், யாரோ தொலைத்த பூட்ஸ். மூன்றாம் நாள் சாயங்காலம்...

"ஷெரீஃப்...! இருக்கு...!"

துருவேறிய பேரல் ஒன்று தண்ணீருக்கு மேல் வந்தது. ஹார்லன் செத்த பிறகு முதல்முறையாக வெல்டா சிரித்தாள்.

அந்தச் சிரிப்புக்கு ஆயுசு ஆறு நாள்.

சோதனைக்கூடத்திலிருந்து போன் வந்தது.

"சேரலை ஷெரீஃப். கொன்ன குண்டுல ஆறு வரி இருக்கு. இந்தப் பேரல்ல நாலுதான். இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை."

"இன்னொரு தடவை பாருங்களேன்..."

"நாலை எத்தனை தடவை எண்ணினாலும் நாலுதான்!"

ஹேன்லி போனை வைத்தார். எதிரே நின்ற வெல்டா கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.

செய்தி கேட்டு ஊரிலேயே அதிகமாக ஆச்சரியப்பட்டவன் யார் தெரியுமா?

ராய்ஸ்!

அவனுக்குத் தெரியும், சுட்டது தான்தான் என்று. வீசியதும் தான்தான். பிறகு எப்படிச் சேரவில்லை...? அந்த ஞாயிற்றுக்கிழமை ராய்ஸ் பதினோரு வருஷத்துக்குப் பிறகு சர்ச்சுக்குப் போனான். முன்வரிசையில் உட்கார்ந்தான். கடவுள் தன் கட்சி என்று முடிவு செய்துவிட்டான்.

விசாரணைக் குழு பத்தே நிமிஷத்தில் எழுதியது: 'சீசனுக்கு முன்பே கிளம்பிய யாரோ ஒரு வேட்டைக்காரரின் தவறிய குண்டு. விபத்து.'

கோப்பு மூடியது.

வெல்டா மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று வக்கீல் கடிதம் வந்தது.

வேட்டை சீசன் திறந்த மூன்றாம் நாள் பகலில், ராய்ஸின் வண்டி அவள் வாசலில் நின்றது. தோளில் எல்க் மானின் பின்தொடை ஒன்றைச் சுமந்து வந்தான். அந்தப் பக்கத்தில் புருஷன் இல்லாத வீட்டுக்குச் சீசனின் முதல் இறைச்சியில் ஒரு பங்கு போக வேண்டும். கொடுக்காதவனை ஊர் மதிக்காது.

"வெச்சுக்கோ வெல்டா. குளிர்காலம் பூரா வரும்."

"எடுத்துட்டுப் போ."

"அட, எம்மேல என்ன கோபம்? நாலுக்கும் ஆறுக்கும் வித்தியாசம் அரசாங்கமே சொல்லிடுச்சே!"

"உன் கையால வந்ததை என் நாய்கூடத் தின்னாது."

"கேட்டுப் பாரு, நாய்க்கு மானம் கம்மி." இறைச்சியை வராந்தாவில் இறக்கினான். "பெட்டி கட்ட ஆள் வேணும்னா சொல்லு. அனுப்பறேன்."

வண்டி போனது.

அவள் நெடுநேரம் அந்த இறைச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறைச்சியை வீணாக்குகிற வழக்கம் அவள் வம்சத்திலேயே இல்லை. கத்தியை எடுத்தாள். நாய்க்காகவே வெட்டினாள்.

டிக்!

எலும்பை ஒட்டி கத்தி எதிலோ இடித்தது. விரலை விட்டு எடுத்தாள். செம்பு உறை போட்ட குண்டு. தொடையில் சுட்டிருக்கிறான் மகாவேட்டைக்காரன்!

தூக்கி எறியப் போனவள் நின்றாள். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். ஒன்று... இரண்டு... மூன்று...

ஆறு.

"நூறு பேரல்ல எழுபதுல ஆறு வரிதாம்மா இருக்கும்," என்றார் ஹேன்லி. "அதோட, இது அவனோட புது பேரல். ஹார்லன் போனப்புறம் மாட்டினது. இதை அனுப்பி என்ன பிரயோஜனம்?"

"இல்லைன்னு எனக்கும் தெரியும்."

"அப்புறம் ஏன்?"

"இதைத் தவிர வேற செய்யறதுக்கு எனக்கு எதுவுமே இல்லை ஷெரீஃப்."

அவளை வீட்டுக்கு அனுப்பவேண்டுமே என்றுதான் ஹேன்லி அதை உறையில் போட்டார்.

எட்டு நாள் கழித்துச் சோதனைக்கூடத்திலிருந்து போன் வந்தபோது, வெல்டா இரவல் வாங்கிய வண்டியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தாள். ஷெரீஃப் ஆபீசில் ஹேன்லி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்!

"என்ன சொன்னீங்க...?"

"ரெண்டு குண்டும் ஒரே பேரல். ஒவ்வொரு கீறலும் சேருது. நான் கோர்ட்ல வந்து சொல்றேன்."

அரை மணி நேரத்தில் முகாம் வாசலில் ஷெரீஃபின் வண்டி. பின்சீட்டில் வெல்டா. முன்சீட்டில் வேர்த்து வழிகிற ஓட்டிஸ். சமையல் கூடாரத்தில் ராய்ஸ் பான்கேக்கின் மேல் சிரப் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"ஹார்லனைக் கொன்ன குத்தத்துக்காக..." என்று ஆரம்பித்தார் ஹேன்லி.

"பைத்தியமா உங்களுக்கு? என் துப்பாக்கியில இருக்கறது புது பேரல்! ரசீது இருக்கு!"

ஹேன்லி ஓட்டிஸைப் பார்த்தார். ஓட்டிஸ் தன் பூட்ஸைப் பார்த்தான்.

"அது... வந்து... பழசுதான் ராய்ஸ்."

"என்னது?"

"உன் மாடலுக்கு ஆர்டர் குடுத்தா எட்டு மாசம் ஆகும்னாங்க. நீ ரெட்டை விலைன்னே. விட மனசு வரலை. தோட்டா அறைப் பக்கம்தான் தேய்ஞ்சிருந்தது. அதுல ஒரு இஞ்ச் நறுக்கி, மரை புதுசா வெட்டி, அறையைத் திரும்பக் கடைஞ்சு, மெருகு போட்டுட்டேன். நல்லாத்தானே சுடுது?"

"அப்ப நான் ஏரியில வீசினது...?" என்றவன் சட்டென்று வாயை மூடிக்கொண்டான்.

"அது என் தோட்டத்துல தக்காளிக்கு முட்டுக் கொடுத்திருந்த பேரல்ப்பா. கழட்டின பேரலை எல்லாம் செடிக்குத்தான் நட்டு வெப்பேன். பழசு வேணும்னு நீ நின்னியா... ஒண்ணைப் பிடுங்கி மண்ணைத் தொடைச்சுச் சுத்திட்டேன்."

"யோவ், நான் வந்து கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாமே!" என்று கத்தினார் ஹேன்லி.

"ரசீதுல புதுசுன்னு எழுதிட்டேனே ஷெரீஃப்! தொழில்ல பேர் கெட்டுடாதா?"

வெல்டா சிரிக்கவில்லை. அழவும் இல்லை. "ஒரு வியாபாரி ஏமாத்தினதாலதான் என் புருஷனுக்கு நியாயம் கிடைக்கணும்னு இருந்திருக்கு," என்று மட்டும் சொன்னாள். "உண்மை சொன்னவங்க யாராலயும் முடியலை."

சொல்லிவிட்டு வண்டிக்குள் போய் உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு வெளியே அந்த முள்வேலி தெரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ராய்ஸுக்கு இப்போதுதான் ரத்தம் தலைக்கு ஏறியது.

"திருட்டுப் பயலே...! ரெட்டை விலை வாங்கினியேடா...! ஷெரீஃப், இவன் மேல மோசடி கேஸ் போடணும்! இப்பவே!"

"தாராளமாப் போடலாம் ராய்ஸ்." ஹேன்லி விலங்கைப் பூட்டினார். "ஆனா அதுக்கு ஆதாரம் அந்தப் பேரல்தான்... அது கொஞ்ச நாளைக்கு நம்ம கேஸ்ல பிஸி!"