ஏழாம் நம்பருக்கு இரட்டை வேஷம்

"நான் கலக்கலைங்க!" என்றபடி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார், ஆய்வகத்தில் புற்றுநோய் செல்களைக் குடுவையில் வளர்க்கும் அக்கா. "பதினோரு வருஷமா இதுங்களை வேளாவேளைக்கு ஊட்டி வளர்க்கறேன். நாலு மணிக்குள்ள தப்பை ஒத்துக்கலேன்னா வேலையை விட்டுப் போகச் சொல்லிட்டார் இயக்குநர்."

மணி இரண்டரை. தரச்சோதனை அதிகாரி அம்மாள் நிதானமாக நாற்காலியைக் காட்டினார். ஆய்வகத்தில் அவருக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பெயர். பக்கத்தில் புரோகிராமர் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். நாற்பது புற்றுநோய் செல் வகைகளை, ஆர்.என்.ஏ., புரதம், டி.என்.ஏ. என்ற மூன்று சோதனை முடிவுகளையும் சேர்த்துப் பார்த்து, இது நுரையீரல், இது தோல் என்று இனம் பிரிப்பது அவன் எழுதிய புரோகிராம். முப்பத்தொன்பது சமர்த்தாகப் போய் உட்கார்ந்தன. நுரையீரலில் பிறந்த ஏழாம் நம்பர் மட்டும், இரண்டு வீட்டுச் சண்டையில் சிக்கிய மாப்பிள்ளை மாதிரி நடுவில் நின்றது. பதினேழு முறை ஓட்டிப் பார்த்தாயிற்று. அசைய மாட்டேன் என்றது.

"குடுவையில எட்டாம் நம்பர் தோல் செல் கலந்திருக்கும், மேடம். இயக்குநர்கிட்ட நான்தான் சொன்னேன்," என்றான்.

"நீதானா அந்தப் புண்ணியவான்?" என்றார் அக்கா.

"மூணு சோதனையையும் தனித்தனியாக் காட்டுங்க, தம்பி," என்றார் அதிகாரி.

ஆர்.என்.ஏ. நுரையீரல் என்றது. புரதமும் அதையே சொன்னது. டி.என்.ஏ. மேல் ஒட்டியிருக்கும் ரசாயன அடையாளங்கள் மட்டும் தோல் என்றன.

"குடுவையில கலந்திருந்தா மூணுமே கெட்டிருக்கணுமே?"

"அப்போ டி.என்.ஏ. குழாய் மாறியிருக்கும்!"

"ஏழும் எட்டும் மாறியிருந்தா எட்டு நுரையீரலாத் தெரியணும். அது ஒழுங்கா இருக்கே."

"எட்டையே ரெண்டு குழாய்ல ஊத்தியிருப்பாங்க!" அவன் விடுவதாக இல்லை.

"ரெண்டோட எண்களையும் பக்கத்துல பக்கத்துல வைங்க."

வைத்தான். கடைசி இலக்கம்வரை அச்சு அசலாக ஒன்று.

"ஒரே குழாயை ரெண்டு தடவை மெஷின்ல வச்சாக்கூட கடைசி இலக்கம் கொஞ்சம் ஆடும். இங்க ஆடவே இல்ல. அப்போ செல் மேலயும் தப்பில்ல, குழாய் மேலயும் தப்பில்ல. கம்ப்யூட்டருக்குள்ள யாரோ நகல் எடுத்திருக்காங்க. ஏழாம் நம்பருக்கு இந்த முடிவு உங்களுக்கு வந்துச்சா?"

மின்னஞ்சலைத் துழாவினான். டி.என்.ஏ. சோதனைக்கூடத்திலிருந்து நான்கு மாதத்துக்கு முன் வந்த ஒரு வரி, திறக்கப்படாமலே கிடந்தது: 'ஏழு தோல்வி. மாதிரி போதவில்லை. மறுபடி அனுப்பவும்.'

உடனே தன் புரோகிராமைத் திறந்தான். அந்த வாரம்தான், காலியான வரிசை வந்தாலே புரோகிராம் படுத்துக்கொள்கிறது என்று எரிச்சலில் ஒரு கட்டளையைச் செருகியிருந்தான்: காலியாக இருந்தால் அடுத்த வரிசையை நகலெடு. நாளைக்குச் சரிசெய்யலாம் என்று நினைத்ததும், அந்த நாளை வராததும் இப்போது நினைவுக்கு வந்தன. மூன்று நாளாக அவன் தேடிய திருடன் அவன் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான்.

"இயக்குநர்கிட்ட நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?" என்றார் அதிகாரி.

அவனே போனான்.

"ஒத்துக்கிட்டாங்களா?" என்றார் இயக்குநர்.

"நான் ஒத்துக்கறேன், சார்."

அதன்பின் விழுந்த திட்டு வராந்தாவின் கடைசிவரை கேட்டது. வெளியே வந்தபோது அக்கா சுவரில் சாய்ந்து நின்றிருந்தார்.

"மன்னிச்சிடுங்க, அக்கா."

"அவ்வளவு சீக்கிரம் முடியாது. என் வேலை?"

"இருக்கு. உங்ககிட்ட அவரே வந்து சொல்றாராம்."

அக்கா முந்தானையால் முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்துக்கொண்டார். "வந்து சொல்லட்டும். நீ வழியை விடு. ஏழாம் நம்பர்ல இருந்து புதுசா டி.என்.ஏ. எடுக்கணும்னா, முதல்ல அதைப் பட்டினி போடாம வளர்க்கணும்."