செருகாத ஜாக்

துளையில் ஒயர் இல்லை. ஆனால் யாரோ ஒயரைச் செருகி வைத்திருப்பது போலவே நடந்துகொண்டது கீபோர்டு.

வேம்புலி மூன்றாவது முறையாகக் குனிந்து அதன் பின்பக்கத்தைப் பார்த்தான். ஹெட்போனுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் சேர்த்து அந்த ஒரு ஜாக்தான். ஒயரைச் செருகினால் உள்ளே ஒரு தகடு விலகி ஸ்பீக்கரின் வாயை அடைத்துவிடும். பிடுங்கினால் தகடு ஒட்டிக்கொண்டு ஸ்பீக்கர் பேசும். இப்போது பிடுங்கியாயிற்று. சிவப்பு விளக்கும் எரிகிறது. கட்டையை அழுத்தினால்தான் ஒன்றுமில்லை.

கள்ளிக்குப்பத்தில் அவன் வாசிப்பதைப் பார்த்தவர்கள் உண்டு, கேட்டவர்கள் கிடையாது. பக்கத்து போர்ஷன் கஜபதிக்கு நிரந்தர ராத்திரி ஷிப்ட். பகலில் தூங்குகிற அந்த மனுஷன் சுவரைத் தட்டித் தட்டியே இவனை ஹெட்போனுக்குள் துரத்திவிட்டார். மூன்று வருஷமாகக் காதை மூடி, கண்ணையும் மூடி, ஊமைக் கட்டைகளை டக்டக்கென்று தட்டிக்கொண்டிருப்பான். தெருவில் அதற்கு டைப்ரைட்டிங் கிளாஸ் என்று பெயர். பெண்டாட்டி கன்னியம்மாகூட அவன் பாட்டை ஒரு நாளும் கேட்டதில்லை. இப்படித் தினம் செருகிப் பிடுங்கினால் ஜாக் தளராமல் என்ன செய்யும்?

இன்று தொண்ணூற்று மூன்றாம் வருஷத்து ஆடி மூன்றாம் ஞாயிறு. சாயங்காலம் வேப்பம்பட்டு அம்மன் கோயிலில் கச்சேரி. அவனுக்கு முதல் மேடை. மெல்லிசைக் குழுவை நடத்தும் பக்தவத்சலம் காலையிலேயே வந்து, சைக்கிளை விட்டு இறங்காமலே சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "தோ பாரு நைனா, சத்தம் வந்தா வா. வரலன்னா ஊட்லயே கெட. வேற ஆளு கீறான்."

மணி மூன்று. ஆடிக்காற்று ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் மேல் வேப்பங்குச்சிகளை உருட்டிக்கொண்டேயிருக்க, பற்றவைக்கும் ஈயத்தின் புகையும் அடுப்படியில் கொதிக்கும் கூழின் புளிப்பும் ஒன்றாய்க் கலந்து அவன் தொண்டையில் இறங்க, கழற்றிய திருகாணிகள் எவர்சில்வர் தட்டில் தாமாகவே நடுங்கிக்கொண்டிருப்பதை அவன் கவனித்தும் கவனிக்காதவன் போல இருந்தான். புது ஜாக்கைப் பற்றவைத்து முடித்தான். கும்பிட்டுவிட்டு ஒரு பல்லவியின் முதல் அடியை வாசித்தான்.

ஒன்றுமில்லை.

அடுப்படியில் கன்னியம்மா அதே அடியை முனகினாள்.

தற்செயலாக இருக்கும். மறுபடி வாசித்தான், வேண்டுமென்றே ஒரு சுரத்தைத் தப்பாக அழுத்தி. அவளும் அதே இடத்தில் தப்பினாள்.

"இன்னா பாட்டு பாடற?"

"நானா? நான் கூழு கிண்டிகினு கீறேன். உனுக்கு ஈயப்பொகை மண்டைக்கி ஏறிடுச்சி."

மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்தினான். ஒரே தொண்டையிலிருந்து மூன்று சுரங்களும் ஒன்றாகக் கிளம்பி, கரண்டி கிண்டும் சத்தம் ஒரு கணம்கூட நிற்காமல், வீடு முழுக்க நிறைந்தன.

சுவர் அதிர்ந்தது. "யோவ் வேம்புலி!" கஜபதி கத்தினார். "மூணு பொம்பளைங்கள உக்கார வச்சி பாட வுடறியா? அந்த எழவு ஹெட்போன் இன்னாத்துக்குயா கீது?"

ஆக, கேட்டது இவனுக்கு மட்டுமல்ல.

அடாப்டரைப் பிடுங்கினான். பேட்டரிகளை உதறினான். விளக்கு அணைந்தது. ஒரு கட்டையைத் தொட்டான். அவள் பாடினாள். எல்லாம் இந்த ஜாக்கால் வந்த வினை, இதைப் பெயர்த்துவிட்டால் தீர்ந்தது என்று, சூடான பற்றவைப்புக் கோலை எடுத்து அதன் கால்களை ஒவ்வொன்றாக உருக்கினான். கன்னியம்மா கரண்டியோடு நிலைப்படிக்கு வந்தாள்.

"இன்னாத்துக்கு அந்த ஆளு கத்தறாரு? நான் எங்க பாடி..."

கடைசிக் கால் விட்டது. ஜாக் அவன் உள்ளங்கையில் விழுந்தது.

அவள் பேச்சு பாதியில் நின்றது. கரண்டி விழுந்தது. வாய் திறந்தபடியே இருந்தது.

"கன்னிமா?"

மார்பு ஏறவில்லை. ஓடிப்போய் உலுக்கினான். கல். உதடு கறுத்தது. ஜாக்கைத் திரும்பப் பொருத்த ஓடி வந்து தடுக்கி விழுந்ததில் அவன் முழங்கை ஒரு கட்டையில் பட்டது. அவளுக்குள் மூச்சு புகுந்தது. நீளமாக. சுருதி பிசகாமல்.

முழங்கையை எடுத்தான். நின்றது.

அழுத்தினான். வந்தது.

"அண்ணாத்தே! ஓடியா!" என்று கஜபதியின் சுவரைப் பார்த்துக் கத்தினான். தொண்டை புடைத்தது. வாய் அசைந்தது. ஒயர் செருகிய ஸ்பீக்கர் போல, சத்தம் இல்லை. இன்னொரு முறை. இல்லை.

"நிறுத்துயா!" என்றது சுவர்.

நிலைப்படிக்கு ஆறு அடி. கை எட்டாது. விரல் கட்டையின் மேல். வியர்வை. விரல் மெல்ல வழுக்கியது.

அவளிடம் கண்கள் மட்டும் அசைந்தன. அவை அவனைப் பார்க்கவில்லை. அந்த விரலைப் பார்த்தன.