கழுத்தில் சாவி... வீட்டில் திருடன்!

சமையலறைத் தரையில் உடல் கிடந்தது.

மல்லாந்து. கால்கள் இரண்டும் நாற்காலியின் மேல். வாய் பாதி திறந்திருந்தது. கண்கள் கூரையை வெறித்தன.

போன் அடித்தது.

வெர்னா அந்த உடலைத் தாண்டிப் போய் போனை எடுத்தாள். கையில் மாவு. முகத்தில் துளி பயம் இல்லை.

"ஹலோ... ஆமா... இருக்காரு. கீழதான் கிடக்காரு."

உடல் பேசியது.

"யாரு?"

"கிளினிக். ரோக்ஸி."

எம்மிட் ஸ்டிட்ஹம். வயது ஐம்பத்தெட்டு. பதினொரு வருஷத்துக்கு முன், கென்டக்கி மலைக்கடியில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் கூரை இறங்கி வந்து அவர் முதுகில் உட்கார்ந்தது. அன்றிலிருந்து தினமும் காலையில் இரண்டு மணி நேரம் சமையலறைத் தரைதான் அவருக்கு ஆபீஸ்.

வெர்னா குனிந்து ரிசீவரை அவர் காதில் வைத்தாள்.

"எம்மிட், வெளிக்குப் போயி எத்தனை நாளாச்சு?"

நர்ஸ் ரோக்ஸி எப்போதும் இதைத்தான் முதலில் கேட்பாள். அவர் போடும் வலி மாத்திரை முதுகை மரக்க வைக்கும். குடலையும் சேர்த்துத்தான்.

"ஒன்பது நாள். எழுதிக்க. பேப்பருக்கும் குடு."

"எழுதிட்டேன். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு பாட்டிலோட வா. மாத்திரையை எண்ணணும்."



கிளினிக்கில் சேரும்போதே கையெழுத்து வாங்கிவிடுவார்கள். கூப்பிட்டால் மறுநாளே பாட்டிலோடு வர வேண்டும். எண்ணிக்கை இம்மியும் பிசகக் கூடாது. பிசகினால், நீ முழுங்கினாய்... அல்லது எவனுக்கோ விற்றாய்.

"போன மாசம் நாலு குறைஞ்சுது. டாக்டர் விட்டுட்டாரு," என்றாள் ரோக்ஸி. "இந்தத் தடவை ஒண்ணு குறைஞ்சாலும் உன் ஃபைலை மூடிருவாரு. அப்புறம் சுத்துப்பட்டுல எந்த டாக்டரும் உன்னைத் தொட மாட்டான்."

"திருட்டுப் போயிருந்தா?"

"திருடன் பேரோட போலீஸ் ரிப்போர்ட் கொண்டா. பேரில்லாத திருடன் கதையை டாக்டர் தினம் பத்து கேக்குறாரு."

லைன் துண்டிக்கப்பட்டது.

எம்மிட் உருண்டு, நாற்காலியைப் பிடித்து, தவழ்ந்து, நான்கு கெட்ட வார்த்தைகளின் உதவியோடு எழுந்து நின்றார். படுக்கையறை அலமாரியில் இரும்புப் பெட்டி. அதன் சாவி ஷூ லேஸில் கட்டி அவர் கழுத்தில். திறந்தார்.

எண்ணினார்.

மறுபடியும் எண்ணினார்.

முப்பது இருக்க வேண்டும்... பத்தொன்பதுதான் இருந்தது.

"வெர்னா... பதினொண்ணு போச்சு."

வெர்னா கதவில் சாய்ந்தாள். "போடுறப்ப எழுதி வெச்சுக்கிறியா?"

"எழுதணுமா? இருபத்தாறு வருஷம் சுரங்கத்துல வெடியை எண்ணின கை இது. ஒண்ணு மறந்தா ஒம்பது பேரு காலி. நான் மறக்க மாட்டேன்."

"அப்போ சாவி உன் கழுத்துல இருக்கு. எவன் எடுத்திருப்பான்?"

"தூங்கும்போது கழட்டுறான்."

"நீ தூங்கினா கழுத்தையே கழட்டலாம்."

அந்த வீட்டுக்கு வந்து போகிறவர்கள் இரண்டே பேர்.

ஒன்று, வெர்னாவின் தம்பி ஓடெல். எம்மிட்டின் மோட்டார் ரம்பத்தை விற்றுவிட்டு, அதைத் தேடவும் கூடவே வந்தவன்.

இரண்டு, பாஸ்டர் ஹோபர்ட். எம்மிட்டின் முதுகுக்காக ஜெபிக்க வாராவாரம் வருவார். ஜெபம் ஐந்து நிமிஷம். அதன் பிறகு பாத்ரூமில் இருபது நிமிஷம்.

"ரெண்டு பேரையும் மத்தியானம் மேட்ச் பார்க்கக் கூப்பிடு," என்றார் எம்மிட். "பீன்ஸும் சோள ரொட்டியும் இருக்குன்னு சொல்லு. டாலிவரையும் வரச் சொல்லு."

டாலிவர் அவருடைய அக்கா மகன். ஷெரீஃப் ஆபீஸில் டெபுடி; அந்த ஊர்ப் போலீஸ். அன்று அவனுக்கு லீவு.

எம்மிட் பாட்டிலைக் கவிழ்த்து, பத்தொன்பது மாத்திரைகளையும் வெர்னாவின் ஏப்ரன் பையில் கொட்டினார். அலமாரியின் அடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். கிளினிக்கில் வலி மாத்திரையோடு கொடுத்த பேதி மாத்திரை. அதே வெள்ளை. அதே வட்டம். 'இதெல்லாம் கிழவனுங்களுக்கு' என்று அவர் தொடாமலே வைத்திருந்தது. இருபதை எண்ணி வலி மாத்திரை பாட்டிலில் போட்டார். பெட்டியைப் பூட்டினார்.

"டப்பா மேல என்ன போட்டிருக்கு?"

வெர்னா கண்ணைச் சுருக்கிப் படித்தாள். "அஞ்சாறு மணி நேரத்துல வேலை செய்யும்."

"திருடன் சாயங்காலம் ஆறு மணிக்குத் தானாவே ஓடுவான். எங்க ஓடுறான்னு பார்த்தாப் போதும்."

பன்னிரண்டு மணி. எல்லோரும் வந்துவிட்டார்கள்.

எம்மிட் டாலிவரை ஓரம் கட்டினார். "டேய், இந்த நாற்காலில உட்காரு. இங்கிருந்து பார்த்தா என் அலமாரி தெரியும். அதைத் தொடுற ஆளோட பேரு, நேரம்... ரெண்டையும் எழுது. வாயைத் திறக்காத."

"சரி மாமா. எதுக்குன்னு..."

"வாயைத் திறக்காதன்னேன்."

டாலிவர் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டான்.

வெர்னாவிடம் மத்தியான மாத்திரை ஒன்றை வாங்கி விழுங்கினார் எம்மிட். சாய்வு நாற்காலியில் சரிந்தார். டிவியில் கூடைப்பந்து தரையில் தட்டிக்கொண்டே இருந்தது. ஓடெல் மூன்றாவது தட்டு பீன்ஸை முடித்தான்.

எம்மிட்டின் இமைகள் இறங்கின...

கண் விழித்தபோது மணி ஐந்தரை.

நேராகப் பெட்டிக்குப் போனார். எண்ணினார். இருபது வைத்தது... இப்போது பதினேழு!

மூன்று போயிருந்தது. கழுத்தில் சாவி பத்திரமாக இருந்தது. கில்லாடிதான்.

எம்மிட் சிரித்தபடி ஒரு நாற்காலியை இழுத்துப் பாத்ரூம் வாசலில் போட்டு உட்கார்ந்தார். மடியில் கைத்தடி.

ஐந்து ஐம்பது. ஓடெல் ஏப்பம் விட்டான். வேறொன்றும் இல்லை.

ஆறு ஐந்து. பாஸ்டர் ஹோபர்ட் மெதுவாக எழுந்தார். பாத்ரூமை நோக்கி நடந்தார்.

கைத்தடி குறுக்கே விழுந்தது.

"எங்க பாஸ்டர்?"

"கை கழுவ."

"கை மட்டுமா?"

"எம்மிட், வழி விடு."

"வாராவாரம் இருபது நிமிஷம் உள்ள என்ன பண்றீங்க? இன்னைக்குச் சொல்லிட்டுத்தான் போகணும்."

பாஸ்டரின் காது சிவந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு சிகரெட் பாக்கெட்டை எடுத்துக் காட்டினார்.

"ஜன்னல் வழியா ஊதுறேன். வீட்டுக்காரி விட மாட்டேங்கிறா. அவகிட்ட சொல்லிராத."

எம்மிட் மெல்ல ஓடெல் பக்கம் திரும்பினார்.

"அப்போ நீதான்."

"என்ன நான்தான்?"

"என் மாத்திரை."

ஓடெல் தட்டைக் கீழே வைத்தான். "மச்சான், நான் கேடிதான். ஒத்துக்கிறேன். ஆனா உன் மாத்திரையைத் தொட்டதே இல்ல. ரம்பம் மட்டும்தான்."

"டாலிவர்! நோட்டை எடுத்துப் படி."

டாலிவர் தொண்டையைச் செருமினான்.

"பன்னெண்டு அம்பது. எம்மிட் மாமா."

"அப்புறம்?"

"ஒன்னே முக்கால். எம்மிட் மாமா."

"டேய், அப்புறம்!"

"மூணு இருபது. எம்மிட் மாமா." அவன் பக்கத்தைத் திருப்பினான். "அவ்வளவுதான். பொறியைச் சரி பார்க்கிறீங்கன்னு நினைச்சேன். வாயைத் திறக்கக் கூடாதுன்னீங்க."

வெர்னா டிவியை அணைத்தாள்.

"டாலிவர்... அப்போ இவருக்குக் கண்ணு திறந்திருந்துச்சா?"

"பாதி திறந்திருந்துச்சு அத்தை. பெட்டியைத் திறந்தாரு, வாயில போட்டாரு, வந்து படுத்துட்டாரு. நான் 'மாமா'ன்னேன். காதுல விழுந்த மாதிரியே தெரியல."

"பொய்," என்றார் எம்மிட். "நான் எழுந்திரிக்கவே இல்ல."

"எழுந்திரிச்ச யோவ்." வெர்னாவின் குரல் உயரவில்லை. "வலிக்குதுன்னு ஒண்ணு. போட்டோமான்னு தெரியாம இன்னொண்ணு. பாதித் தூக்கத்துல அடுத்தது. இன்னைக்கு முழுங்கினது பேதி மாத்திரை. நேத்து வரைக்கும் முழுங்கினது எது? போன செவ்வாக்கிழமை உன்னை உலுக்கி எழுப்ப எனக்குக் கால் மணி நேரம் ஆச்சு. உதடு நீலமா இருந்துச்சு. கேட்டா குளிருன்னு சொன்ன."

எம்மிட் கழுத்துச் சாவியைத் தடவிப் பார்த்தார்.

அப்போது இடி இடித்தது.

மலையில் இல்லை. எம்மிட்டின் வயிற்றில்.

பதினொரு வருஷமாக அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. அன்று பார்த்தார்கள். நாற்காலி ஒரு பக்கம் பறந்தது. கைத்தடி மறுபக்கம். கதவு படாரென்று மூடியது.

"முதுகு சரியாயிருச்சு போல," என்றான் ஓடெல்.

"ஜெபத்துக்குப் பலன் உண்டுன்னு நான் எப்பவும் சொல்றேன்ல?" என்றார் பாஸ்டர்.

அதற்குப் பின் கேட்ட சத்தங்களை விவரிக்க வேண்டியதில்லை.

வெகுநேரம் கழித்துக் கதவுக்கடியில் ஏதோ சரசரத்தது. ஷூ லேஸ்... அதன் நுனியில் சாவி.

"வெர்னா," உள்ளிருந்து குரல் வந்தது. "இனிமே உன் கழுத்துல கிடக்கட்டும்."

மறுநாள் காலை பத்து மணி. கிளினிக்.

ரோக்ஸி எண்ணி முடித்தாள். முகம் இறுகியது. "பதினொண்ணு குறையுது எம்மிட்."

எம்மிட் ஒரு காகிதத்தை நீட்டினார். டாலிவர் டைப் செய்த போலீஸ் ரிப்போர்ட். டாக்டர் வாங்கிப் படித்தார். 'திருடனின் பெயர்' என்ற இடத்தில் அவர் விரல் நின்றது.

எம்மிட் ஸ்டிட்ஹம்.

இந்த ஃபைல் மூடினால் நாளைக் காலை தரையிலிருந்து எழ முடியாது. திறந்தே இருந்தால், என்றாவது ஒரு மத்தியானம் நாற்காலியிலிருந்து எழ முடியாது. இரண்டும் எம்மிட்டுக்குத் தெரியும்.

"இருபது வருஷமா ரிப்போர்ட் வாங்குறேன்," என்றார் டாக்டர். "சரியான பேரு எழுதி வந்தது இதுதான்."

ஃபைல் மூடப்படவில்லை. மாத்திரை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். ஒவ்வொரு தடவையும் ஒரு வாரத்துக்கானதுதான் கிடைக்கும். சாவி, கூட வந்திருந்த வெர்னாவிடம். கூடவே, மூக்கில் அடிக்கும் ஒரு ஸ்ப்ரேயையும் அவள் கையில் கொடுத்தார் டாக்டர்.

"மூச்சு மெதுவாகி, எழுப்பியும் எழலைன்னா இதை அடிங்க. அடிச்சதும் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. குறைக்கக் குறைக்க வலிக்கும். கத்துவாரு."

"கத்தட்டும்," என்றாள் வெர்னா. "கத்தாம கிடந்தாத்தான் எனக்குப் பயம்."

ரோக்ஸி பேனாவைத் திறந்தாள்.

"பழைய கேள்விதான் எம்மிட். கடைசியா வெளிக்குப் போனது எப்போ?"

எம்மிட் பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

"நேத்து சாயங்காலம் ஆறே கால். பாஸ்டரும் போலீஸும் சாட்சி."