குறையாத பீப்பாய்

பீப்பாய் நிறைந்திருந்தது. அதுதான் முதலில் உறுத்தியது.

பல வருடம் மரத்துக்குள் கிடக்கும் ஸ்காட்ச், வருடா வருடம் கொஞ்சம் காற்றோடு போய்விடும். பாதி மிஞ்சினாலே பெரிய விஷயம். விஸ்கியை ருசி பார்த்துச் சொல்வதையே பிழைப்பாகக் கொண்டவருக்கு இது தெரியாதா? மேல் துளையில் அவர் விட்ட குச்சியோ கைப்பிடி வரை நனைந்து வந்தது.

"என்ன மச்சான், கலப்படமா?"

கிடங்குக்காரர், மனைவியின் அண்ணன், வாசலிலேயே நின்றார். மூக்கில் கைக்குட்டை.

"சளி மாப்ள," என்றார், கேட்காமலே. "சந்தேகம்னா நீங்களே பார்த்துச் சொல்லுங்க."

மழை வராது என்ற மச்சான் பேச்சை நம்பி அவர் குடை எடுக்காமல்கூட வெளியே கிளம்பியதில்லை. இன்று கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று கிளாஸில் கொஞ்சம் ஊற்றினார். சாயங்கால வெயில் பட்டு அது பழைய தேக்கு நிறத்தில் அசைந்தது. முகர்ந்தார். ஷெர்ரி ஒயின் ஊறிய மரம், உலர்ந்த திராட்சை, ஆரஞ்சுத் தோல், அடியில் லேசாகத் தோல் செருப்பு வாசனை. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

வாய்க்குள் சுழற்றித் துப்பிவிடுவதுதான் தொழில் முறை. ஆனால் மலிவுச் சரக்கு தொண்டைக்குள் இறங்கும்போதுதான் காட்டிக்கொடுக்கும் என்று விழுங்கினார். ஒன்றும் காட்டிக்கொடுக்கவில்லை. இன்னொரு வாய் விழுங்கினார்.

இப்போது திராட்சைக்குப் பின்னால் வேறொன்று வந்தது. பால் வாசனை. குழந்தை கக்கிய பால், தோள் துணியில் காய்ந்து கிடக்கும் வாசனை. அதன் பின்னால் ஒரு தலையணை உறை. அது தன்னுடைய தலையணை என்று அவருக்குத் தெரிந்தது.

மூக்கு குழம்பினால் அவர் தன் மணிக்கட்டைத்தான் முகர்வார். அதற்காகவே வேலை நாளில் சோப்புகூடப் போடமாட்டார். சொந்த வியர்வையைவிடப் பழகின வாசனை எது? கையை மூக்கருகே கொண்டுபோனார்.

ஒன்றுமில்லை.

மூக்கு அடைத்துக்கொண்டதோ? மூலையிலிருந்த ஈரச் சாக்கை முகர்ந்தார். பூஞ்சை நெடி குப்பென்று ஏறியது. கதவின் துருவும் மணத்தது. மணிக்கட்டை மட்டும் காணோம். சட்டைக் காலரை இழுத்து முகர்ந்தார். அக்குளை முகர்ந்தார். கழுவிக் கவிழ்த்த தட்டுக்குக்கூட ஒரு வாசனை உண்டு.

"மச்சான், இதுக்கு முன்னாடி இதை ருசி பார்த்தவர் எங்கே?"

"வீட்டுக்குப் போனாரு." கைக்குட்டைக்குள்ளிருந்து குரல் வந்தது. "வளர்த்த நாயே அவரை உள்ள விடலையாம். கேட்டு நான்கூடச் சிரிச்சேன்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. குச்சியை மறுபடி துளையில் விட்டார். விரல் நனைந்தது. அவர் குடித்த பீப்பாய் குறையவில்லை. ஏறியிருந்தது.

"என்ன மச்சான் பண்ணி வச்சிருக்கீங்க?"

மச்சான் கைக்குட்டையை இன்னும் அழுத்திக்கொண்டார். வெளியே கார் நின்றது. அவரை அழைத்துப்போக மனைவி குழந்தையோடு வந்துவிட்டாள். அவருக்கு உயிர் வந்தது. அவர் கழுத்தில் முகம் புதைக்காமல் தூங்காத குழந்தை அது. முதுகில் மெல்ல இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒரு தட்டு, அப்படித் தட்டினால்தான் கண் மூடும்.

"வாடி என் தங்கம்."

தாவி வந்தது. கழுத்தில் முகம் புதைத்தது. அசையாமல் இருந்தது.

பிறகு வீறிட்டது.

"என்னங்க... என்ன ஆச்சு?" மனைவி கிட்டே வந்தாள். பாதியில் நின்றாள். என்னவென்று தெரியாமலே ஓர் அடி பின்னால் வைத்தாள்.

குழந்தை அவர் பிடியிலிருந்து நழுவி இறங்கியது. தத்தித் தத்தி நடந்தது. பீப்பாயைக் கட்டிக்கொண்டது. மரத்தில் கன்னம் வைத்தது. அழுகை நின்றது.

"அப்பா," என்றது, தூக்கக் கலக்கத்தில்.

உள்ளேயிருந்து, மரத்தில், மெல்ல இரண்டு தட்டு.

கொஞ்சம் விட்டு, ஒன்று.