வராத தேதி

தலைவரின் தோளுக்குப் பின்னால் இன்னொரு தோள் தெரிந்தது.

அதை யாரோ சிவப்பு வட்டம் போட்டு 'மறைவாசகம்' என்ற ஆன்லைன் குழுவில் ஏற்றியிருந்தார்கள். கட்சித் தலைவர் வெளியிடும் ஒவ்வொரு வாழ்த்துக்கும் உள்ளர்த்தம் தேடும் நாலாயிரம் பேர் அதில் இருந்தார்கள். தலைவர் எப்போதோ இறந்துவிட்டார், உண்மையை யாரோ குறிப்பாகச் சொல்லி வருகிறார்கள் என்று நம்பி, அவர் சட்டைப் பொத்தானைக்கூட எண்ணுவார்கள். செஞ்சிக் கடைத்தெருவில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் கலைவாணி, பொழுதுபோகாமல் சேர்ந்து தினமும் சிரித்துக்கொண்டிருந்தாள். இன்று வட்டம் விழுந்தது அவள் அடித்த பேனரில்.

எல்லாம் சோம்பலால் வந்த வினை. அவசர வேலை என்றால் பழைய ஃபைலைத் திறந்து அதன் மேலேயே ஒட்டி முடிப்பாள். போன வாரம் தலைவரின் வாழ்த்து பேனருக்குத் திறந்தது, இரண்டு வருஷத்துக்கு முன் செய்துவைத்த கண்ணீர் அஞ்சலி மாதிரி ஃபைல். செத்தவர் யாருடைய படமும் அதில் தங்க வேண்டாமென்று புருஷன் பார்த்திபனின் படத்தை வைத்திருந்தாள். "என் மூஞ்சியே இருக்கட்டும், நூறு வயசு கெட்டி" என்று அவனே கொடுத்த படம். 'மறைவு' என்ற இடத்தில், யாருடைய தேதியோடும் இடிக்காமல், இரண்டு வருஷம் தள்ளி ஒரு தேதியை அடித்து வைத்திருந்தாள். போன வாரம் அவன் முகத்தின் மேல் தலைவரை ஒட்டினாள். தேதியின் மேல் கறுப்புப் பட்டையை இழுத்துவிட்டாள். பட்டை முழுக் கறுப்பில்லை போலிருக்கிறது.

குழுவில் படத்தை வெளிச்சம் கூட்டிக் காட்டியிருந்தார்கள். மறைவு: 21.11.2025.

காலண்டரைப் பார்த்தாள். இன்றுதான்.

'பேனர் அடிச்சது நான்தான், கைத்தப்பு, அது என் வீட்டுக்காரர் படம்' என்று பதறிப் பதறித் தட்டி அனுப்பினாள். உடனே பதில் வந்தது: 'இவங்கள இப்படிச் சொல்ல வெச்சிருக்காங்க.' அடுத்தது: 'அந்தத் தோளுக்குப் பேர் கிடைச்சாச்சி.' பார்த்திபனின் கல்யாணப் படம் வந்தது. அவன் மினி லாரியின் படம் வந்தது. அதன் நம்பரும் வந்தது.

போன் செய்தாள்.

"ஏங்க, எங்க இருக்குறீங்க?"

"அவலூர்பேட்டையில லோடு எறக்கிட்டு வந்துனு இருக்கேன். இன்னாடி, கொரலே சரியில்ல?"

"இங்க வராதீங்க. எங்கனா நில்லுங்க..."

இரைச்சல். லைன் அறுந்தது. மறுபடி அடித்தாள், எடுக்கவில்லை.

வெளியே ராஜகிரி மலையின் நிழல் கடைத்தெருவைத் தாண்டி எதிர்ச்சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. எப்போதும் இந்த நேரத்துக்குக் கேட்கும் திருவண்ணாமலை பஸ்ஸின் ஹாரனும் பூக்காரம்மாவின் சத்தமும் எங்கோ அடங்கிப்போய், காலையிலிருந்து மிஷினே ஓடாத அவள் கடைக்குள் ஈர மையின் வாசனை மெல்ல நிறைந்தது. அது தெருவிலிருந்துதான் வந்தது.

வாசலுக்குப் போனாள்.

எதிர்க் கம்பத்தில் புது பேனர். கண்ணீர் அஞ்சலி. பார்த்திபன் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தக் கண்ணீர் அஞ்சலி ஃபைல் அவள் கம்ப்யூட்டரைத் தவிர வேறெங்கும் கிடையாது. பாஸ்வேர்டு அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

கீழே முப்பது பேர் இருக்கலாம். ஒரு முகமும் தெரிந்த முகமில்லை. செருப்பை வரிசையாகக் கழற்றி வைத்திருந்தார்கள். எல்லார் கையிலும் போன் வெளிச்சம் எரிந்தது. ஒரு நடுவயதுப் பெண் தரையில் குத்துவிளக்கை வைத்துத் திரியை நிமிண்டினாள்.

கலைவாணி அவளிடம் ஓடினாள். "அவரு உயிரோட இருக்காரும்மா! கழட்டுங்க அத!"

அந்தப் பெண் அவள் கையை அன்பாகத் தடவினாள். "தெரியும்மா. மணி அஞ்சரைதானே ஆவுது. நாள் இன்னும் முடியல."

அப்போது மினி லாரி வந்தது.

"வண்டிய எடுங்க!" என்று கத்தினாள். லாரி இரைச்சலில் அவனுக்குக் கேட்கவில்லை.

பார்த்திபன் இறங்கினான். பேனரை அண்ணாந்து பார்த்துச் சிரித்தான். "இன்னாடி, என் மூஞ்சிய ரோட்ல தொங்கவுட்டுட்ட?"

முப்பது தலைகள் திரும்பின.

அவன் சிரிப்பு நின்றது. ஒருவர் ரோஜா மாலையைப் பிரித்தார். மற்றவர்கள் கைகூப்பியபடி, வெறுங்காலோடு, அவசரமே இல்லாமல் அவனைச் சுற்றி வந்தார்கள். அவள் முட்டினாள். இடித்தாள். முதுகுகள் நகரவில்லை.

விளக்கு எரிந்தது. வட்டம் சின்னதானது.

முதுகுகளுக்கு இடையில் கடைசியாக அவள் கண்ணுக்குப் பட்டது, மாலை விழுந்த ஒரு தோள்.